எம்பி எழுதிய கடிதத்துக்கு என்ன ஆகிறது?

மார்ச் 4, 2025

வாசகர் ஒருவரின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். "எங்கள் எம்பி அமைச்சரிடம் கடிதம் கொடுக்கிற படம் ஃபேஸ்புக்கில் வந்தது. பல மாதம் ஓடிவிட்டது. எம்பி எழுதினால் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, இல்லை படத்தோடு சரியா?"

சட்டம் இல்லை. அறிவுறுத்தல் இருக்கிறது. மத்திய அரசின் பணியாளர் துறை 2011 டிசம்பர் 1 அன்று ஒரு அலுவலகக் குறிப்பாணை போட்டது. நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களோடு அரசு அலுவலர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் விஷயம். அதற்கு முன்பும் இதே மாதிரி உத்தரவுகள் இருந்தன, அவற்றையெல்லாம் திரட்டி மறுபடி சொன்னார்கள். உறுப்பினர் கடிதம் எழுதினால் 15 நாளுக்குள் கிடைத்தது என்று ஒப்புகை அனுப்ப வேண்டும், அடுத்த 15 நாளுக்குள் பதில் அனுப்ப வேண்டும். அமைச்சருக்கு எழுதினால் கூடியவரை அமைச்சரே பதில் எழுத வேண்டும். அச்சடித்து வைத்த பொதுவான பதிலைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். உறுப்பினர் பார்க்க வந்தால் எழுந்து நின்று வரவேற்க வேண்டும் என்பது வரை அதில் உண்டு.

சரி, பதில் அனுப்பாவிட்டால்? அங்கேதான் பிடி இல்லை. ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்தான், ஆனால் எம்பி கடிதத்துக்கு 15 நாளில் ஒப்புகை அனுப்பவில்லை என்பதற்காக ஓர் அலுவலரின் சம்பளத்தில் கைவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இதையே தகவல் உரிமைச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள். பத்து ரூபாய் கட்டி நீங்களும் நானும் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும், காரணமில்லாமல் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம். லட்சக்கணக்கான வாக்காளர்களுக்காகப் பேசுகிறவரின் கடிதத்துக்குச் சட்டம் வைத்த கெடுவும் இல்லை, அந்த அபராதமும் இல்லை. இது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

மார்ச் 5

"அப்படியானால் கடிதமே வேஸ்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. கடிதத்தோடு நிறுத்தினால்தான் வேஸ்ட். விளக்கமாக நாளை எழுதுகிறேன்.

மார்ச் 6

நான் சில வருடம் ஒரு எம்பியின் தொகுதி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பெயர், கட்சி, ஊர் வேண்டாம். என் வேலை மனு வாங்குவது, கடிதம் தயாரிப்பது, தபாலில் சேர்ப்பது, பதில் வந்ததா என்று பார்ப்பது. கடைசி வேலைக்குத்தான் யாரும் நேரம் ஒதுக்க மாட்டார்கள். காலையில் கதவைத் திறந்ததும் வாசலில் இருபது பேர் நிற்கும்போது போன வருடக் கடிதத்தின் கதி என்ன என்று தேடுவதற்கு ஆள் எங்கே இருக்கிறது?

பதில்கள் இரண்டு வகை. முதல் வகை, அமைச்சரின் கையெழுத்தோடு நல்ல தாளில் வரும் நேர்முகக் கடிதம். "தங்கள் கடிதம் கிடைத்தது, பொருளை ஆராயுமாறு பணித்திருக்கிறேன்." இரண்டு வரிதான். மக்கள் இதையே பதில் என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்கள், உள்ளூர் பேப்பரில் செய்தியும் வரும். அது ஒப்புகை, அவ்வளவுதான். இதற்குப் பிறகு வர வேண்டியதுதான் பதில். அது வராமலே போன கோப்புகள் எங்கள் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருந்தன.

இரண்டாவது வகை, கீழிருந்து வருவது. கடிதம் தலைமையிடத்திலிருந்து மண்டலத்துக்கு, மண்டலத்திலிருந்து கோட்டத்துக்கு, அங்கிருந்து சம்பந்தப்பட்ட பொறியாளருக்கு என்று இறங்கிப் போய், அவர் எழுதிய நாலு வரி அதே வழியில் ஏறி வரும். யார்மீது புகாரோ அவரே எழுதின விளக்கம்தான் கடைசியில் அமைச்சரின் கையெழுத்தோடு நம் கைக்கு வரும். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாங்கள் புகாரில் ஒரு தேதியைத் தப்பாக எழுதியிருந்தால் பதிலிலும் அதே தப்பான தேதி, "அந்த நாளில் எந்தக் குறைபாடும் இல்லை" என்று.

ஒரு பாலத்தின் கதையைச் சொல்கிறேன். ஒரு கிராமத்துக்குப் போகிற சாலையில் பாலத்துக்கு அடியில் சுரங்கப்பாதை ஒன்று கட்டினார்கள். கட்டியது மத்தியத் துறை ஒன்று, சாலை மாநிலத் துறையுடையது, வடிகால் ஊராட்சியுடையது. ஒரு மழை பெய்தால் உள்ளே இடுப்பளவு தண்ணீர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டின் மேலே ஏறி இறங்குவார்கள். தண்ணீர் எதுவரை நின்றது என்பது சுவரில் பச்சைக் கோடாகத் தெரியும், ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு கோடு. நாங்கள் எழுதினோம். கட்டிய துறை "வடிகால் உள்ளாட்சியின் பொறுப்பு" என்றது. அங்கே எழுதினால் "கட்டுமான வடிவமைப்பில் குறை, கட்டிய துறையை அணுகவும்" என்றார்கள். மறுபடி எழுதினோம். ஒவ்வொரு பதிலிலும் மேலே "பார்வை" என்று ஒரு பட்டியல் போடுவார்கள் இல்லையா, முந்தைய கடிதங்களின் எண்ணும் தேதியும்? அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று, கடைசிக் கடிதத்தில் பக்கத்தில் பாதி பார்வைதான். கீழே உள்ள சேதி மட்டும் முதல் கடிதத்தில் இருந்த அதே இரண்டு வரி.

இது எப்படித் தீர்ந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன், அதற்குமுன் அவையில் கேட்கும் கேள்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மார்ச் 9

நாடாளுமன்றம் நாளை மறுபடி கூடுகிறது, எனவே பொருத்தமான நேரம்தான்.

மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்வி, 230 நட்சத்திரமில்லாத கேள்வி. மாநிலங்களவையில் 15, 160. நட்சத்திரம் போட்டால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வி கேட்கலாம். நட்சத்திரமில்லாததற்கு எழுத்தில் பதில், அவையின் மேசையில் வைப்பார்கள். மக்களவைப் பட்டியலில் ஒரு நாளைக்கு ஓர் உறுப்பினர் பெயரில் ஒரு நட்சத்திரக் கேள்வி உட்பட ஐந்துக்கு மேல் வராது. குறைந்தது 15 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும், குலுக்கலில் பெயர் வர வேண்டும். மக்களவையில் காலை 11 மணி முதல் 12 வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014 நவம்பரிலிருந்து பகல் 12 மணிக்கு மாற்றிவிட்டார்கள், காலையில் அமளி கேள்வி நேரத்தை விழுங்குகிறது என்பதற்காக.

இருபது நட்சத்திரக் கேள்வியில் நாலைந்துக்குத்தான் வாய்மொழிப் பதில் வரை போக நேரம் கிடைக்கும். மீதிக்கும் எழுத்தில் பதில் வந்துவிடும். அதனால்தான் நட்சத்திரமில்லாத கேள்வியை மட்டமாக நினைக்காதீர்கள் என்று சொல்கிறேன். தொகுதி விஷயத்துக்கு அதுதான் சரியான கருவி.

கடிதத்துக்கும் கேள்விக்கும் என்ன வித்தியாசம்? கேள்விக்கு ஒரு எண் உண்டு, ஒரு தேதி உண்டு, அந்தத் தேதி தள்ளிப்போகாது. அமைச்சகங்களை ஐந்து தொகுப்பாகப் பிரித்து வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். அந்த நாளில் பதில் இல்லாமல் அமைச்சர் அவைக்கு வர முடியாது. கேள்வி வந்ததும் அமைச்சகத்தின் நாடாளுமன்றப் பிரிவு அதை எந்தப் பிரிவுக்கு உரியது என்று பார்த்து அனுப்பும். பிரிவு அலுவலர் வரைவு எழுதுவார், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், இணைச் செயலாளர் என்று மேலே போய்ச் செயலாளரும் அமைச்சரும் பார்த்துக் கையெழுத்தாகும். கடிதத்தில் புகாருக்கு உள்ளானவரே எழுதின நாலு வரி அப்படியே மேலே போகும் என்று சொன்னேன். கேள்வியில் அந்த நாலு வரியை நாலு பேர் சந்தேகத்தோடு படிப்பார்கள். பொய்யான தகவல் அவைக்குப் போனால் உரிமை மீறல் பிரச்சினை கிளம்பும். தப்பு என்று பிறகு தெரிந்தால் அமைச்சரே பதிலைத் திருத்தி ஓர் அறிக்கை வைக்க வேண்டும், ஏன் தாமதம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எம்பிக்கு வந்த கடிதத்தில் தப்பு இருந்தால் யாரும் திருத்தி அனுப்பி நான் பார்த்ததில்லை.

மார்ச் 10

பதிலை எப்படிப் படிப்பது என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

முதலில் பதிலைப் படிக்காதீர்கள், கேள்வியைப் படியுங்கள். கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரிந்திருக்கும். பதில் அதே மாதிரி தனித்தனியாக வந்திருக்கிறதா, இல்லை "(அ) முதல் (ஈ) வரை" என்று ஒரே பத்தியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பத்தி என்றால் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு உட்பிரிவுக்கும் பதில் எங்கே என்று கோடு போடுங்கள். கேட்ட எண்ணிக்கை ஒன்று கிடைக்காமல் போகும், அது பெரும்பாலும் (இ)-யில் இருக்கும். துறையின் திட்டங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருப்பார்கள், "எத்தனை இடம் காலி?" என்பதற்கு மட்டும் எண் இருக்காது.

அடுத்து, ஒரே விஷயத்தில் வந்த பதில்களை வருட வரிசையில் அடுக்குங்கள். மதுரை எய்ம்ஸ் இதற்கு நல்ல உதாரணம். 2019 ஜனவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். அதிலிருந்து தமிழ்நாட்டு எம்பிக்கள் இரண்டு அவைகளிலும் விடாமல் கேட்டிருக்கிறார்கள். ஜப்பானின் ஜைகா கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில் கையெழுத்தானது, 1,264 கோடி ரூபாய் மதிப்பீடு 1,977.8 கோடியாக உயர்ந்தது, மாணவர்கள் 2022-ல் சேர்க்கப்பட்டு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார வைக்கப்பட்டார்கள். ஒவ்வொரு பதிலையும் தனியாகப் படித்தால் வேலை நடந்துகொண்டிருக்கிற மாதிரிதான் இருக்கும். சேர்த்துப் படித்தால்தான் அடிக்கல்லுக்கும் கடன் ஒப்பந்தத்துக்கும் நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் போனது கண்ணில் படும். எய்ம்ஸ் எங்கே என்று கேட்டவர்கள் செங்கல்லைத் தூக்கிக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். அவர்கள் கேட்டதற்கான ஆதாரம் முழுக்க அரசின் சொந்தப் பதில்களிலேயே இருக்கிறது, இந்தக் கேள்விகள் கேட்கப்படாமல் போயிருந்தால் தேதிகள் நமக்குத் தெரிந்தே இருக்காது.

மார்ச் 11

"தகவல் இல்லை என்று சொன்னால் என்ன செய்வது?" என்று கேட்டவருக்கு.

2020 செப்டம்பர் 14. ஊரடங்கில் சொந்த ஊருக்கு நடந்தே போன தொழிலாளர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று மக்களவையில் கேட்டார்கள். தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் சொன்ன பதில், அப்படிப்பட்ட விவரம் பராமரிக்கப்படவில்லை என்பது. அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது, கோவிட் காரணம் சொல்லி எடுத்துவிட்டார்கள், எதிர்ப்புக்குப் பிறகு எழுத்துப் பதில் மட்டும் தந்தார்கள். துணைக் கேள்வி கேட்க வழியில்லை. "ஏன் பராமரிக்கவில்லை?" என்று எழுந்து கேட்க ஒருவருக்கும் வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

2021 ஜூலை 20. இரண்டாம் அலையில் ஆக்சிஜன் இல்லாமல் இறந்தவர்கள் பற்றி மாநிலங்களவையில் கேள்வி. சுகாதாரம் மாநிலப் பொருள், ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாக எதுவும் தெரிவிக்கவில்லை என்று பதில். அந்த ஏப்ரலையும் மே மாதத்தையும் நாம் எல்லாரும் பார்த்தோம். மாநிலங்கள் தெரிவிக்கவில்லை என்பது காகிதத்தில் சரியாகவே இருக்கலாம். ஆனால் கேட்கப்பட்டது என்ன நடந்தது என்று, வந்த பதில் தங்களுக்கு எந்தத் தாள் வந்தது, வரவில்லை என்பதைப் பற்றி.

நாம் சாவை எண்ணாத நாடாகிவிடக் கூடாது. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, எங்கள் தெருவில் அந்த மே மாதத்தில் மட்டும் எத்தனை வீட்டில் சாமியானா போட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 12

நேற்று எழுதியதற்கு, ஒரு மத்திய அமைச்சகத்தில் பிரிவு அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் நீளமாகப் பதில் எழுதியிருக்கிறார். நியாயமான பதில். சுருக்கம் இது: கேள்வி வருவது முதல் பதில் அச்சுக்குப் போவது வரை உள்ள நாட்களில் முக்கால்வாசி, மாநிலங்களிடமிருந்து விவரம் வாங்குவதிலேயே போகும். "கடந்த பத்து வருடத்துக்கு மாவட்ட வாரியாக, வருட வாரியாக" என்று கேட்டிருப்பார்கள், இந்தியாவில் எழுநூறுக்கு மேல் மாவட்டம் இருக்கிறது. பல மாநிலம் பதிலே அனுப்பாது. இரவு ஒன்பது மணிக்கு ஃபோன் போட்டு ஒரு மாநிலத் தலைமைச் செயலகத்தில் யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம். கூட்டத்தொடர் நடக்கிறபோது அவர் மகள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒருமுறைகூடப் போனதில்லை என்கிறார்.

அவர் சொல்வதை ஏற்கிறேன். "தகவல் இல்லை" என்பதில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒன்று, திரட்ட நேரமில்லை. மற்றொன்று, திரட்ட மனமில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. கேள்வி கேட்கிறவர்களும் கொஞ்சம் யோசித்துக் கேட்க வேண்டும். "அரசுக்குத் தெரியுமா, தெரிந்தால் விவரம் என்ன, தெரியாவிட்டால் காரணம் என்ன" என்ற அச்சில் ஊற்றிய கேள்விக்கு அச்சில் ஊற்றிய பதில்தான் வரும். ஒரே ஒரு பாலம், ஒரே ஒரு மருத்துவமனை, ஒரே ஒரு வருடம் என்று கேட்டால் தப்பிக்க இடம் குறைவு.

ஆனால் அண்ணா, தொழிலாளர் சாவு விஷயத்தில் திரட்டுகிறோம் என்றாவது சொல்லியிருக்கலாமே. அது ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது, கீழே எழுதுகிறேன்.

மார்ச் 14

உறுதிமொழி. இதைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமைச்சர் அவையில் "பரிசீலனையில் இருக்கிறது", "விவரம் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்", "பார்க்கிறேன்" என்ற மாதிரி ஏதாவது சொன்னால் அது உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நிறைவேற்றினார்களா என்று பார்ப்பதற்கே மக்களவையில் 1953-லிருந்து ஒரு குழு இருக்கிறது, அரசு உறுதிமொழிக் குழு. மாநிலங்களவையில் 1972-லிருந்து. மூன்று மாதத்தில் முடியாவிட்டால் அவகாசம் கேட்டு எழுத வேண்டும், கைவிடச் சொல்லிக் கேட்டாலும் காரணம் சொல்லிக் கேட்க வேண்டும். செயலாளரையே கூப்பிட்டு உட்கார வைத்துக் குழு கேள்வி கேட்கும்.

பதில் எழுதுகிற அலுவலர்களுக்கு எந்தெந்த வாசகம் உறுதிமொழியாகும் என்ற பட்டியல் அத்துப்படி. அதனால் உறுதிமொழி வராத மாதிரி எழுதப் பழகியிருக்கிறார்கள். "விவரம் திரட்டப்படுகிறது" என்றால் மூன்று மாதத்தில் திரட்டிக் கொடுக்க வேண்டும். "விவரம் பராமரிக்கப்படவில்லை" என்றால் கோப்பு அன்றோடு மூடப்படும்.

எங்கள் பாலத்துக்கு வருகிறேன். கடிதம் எழுதி அலுத்த பிறகு எம்பி அதை நட்சத்திரமில்லாத கேள்வியாகக் கொடுத்தார். நாங்கள் பொதுவாகக் கேட்காமல் அந்தப் பாலத்தின் எண்ணைப் போட்டு, தண்ணீர் தேங்குவது துறைக்குத் தெரியுமா, அதை வெளியேற்ற எந்த அலுவலகம் பொறுப்பு, எப்போது செய்வீர்கள் என்று மட்டும் கேட்டோம். பதிலில் ஒரு வரி வந்தது, மாநில அரசோடு சேர்ந்து கூட்டு ஆய்வு நடத்தி நிரந்தர ஏற்பாடு பரிசீலிக்கப்படும் என்று. அது உறுதிமொழிப் பட்டியலில் ஏறியது. அதற்கு முன்பு ஒருவரை ஒருவர் கைகாட்டிய மூன்று அலுவலகக்காரர்களும் ஒரு காலையில் ஒரே நேரத்தில் பாலத்தடிக்கு வந்தார்கள். ஒரு உதவிப் பொறியாளர் டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து அந்தப் பச்சைக் கோட்டில் பிடிக்கச் சொன்னார். பிறகு ஒரு ஓரத்தில் தொட்டி கட்டி மோட்டார் வைத்துக் குழாய் வழியாகக் கண்மாய்க்குத் தண்ணீரைத் திருப்பினார்கள். மோட்டார் அடிக்கடி பழுதாகிறது, அது வேறு கதை. ஆனால் பிள்ளைகள் மழையிலும் கீழே போகிறார்கள்.

மார்ச் 15

"எல்லாக் கடிதத்தையும் கேள்வியாக்க முடியுமா?" முடியாது. முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டிக்கு நாடாளுமன்றக் கேள்வி உதவாது, அதற்குத் தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போதும். ஒரு தனி ஆளின் குறைக்குக் கடிதம், ஊரின் குறைக்குக் கேள்வி, இதுதான் என் கணக்கு. மக்களவையில் விதி 377-ன் கீழ் ஒரு பிரச்சினையை எழுத்தில் கொடுக்கிற வழி ஒன்றும் இருக்கிறது. அதற்கு அமைச்சர் பிறகு எம்பிக்குப் பதில் அனுப்புவார், எனவே மறுபடி கடிதத்தின் கதிதான்.

மார்ச் 17

மொழி விஷயம் வராமல் இருக்காது என்று தெரியும், வந்துவிட்டது.

மதுரை எம்பி சு. வெங்கடேசன் 2020-ல் மத்திய ரிசர்வ் போலீஸ் படைத் தேர்வுக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மையம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதினார். உள்துறை இணையமைச்சர் நித்யானந்த் ராய் இந்தியில் பதில் அனுப்பினார். வெங்கடேசன் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். ஆங்கிலத்தில் எழுதினால் மத்திய அரசு ஆங்கிலத்தில்தான் பதில் தர வேண்டும் என்று நீதிபதிகள் கிருபாகரன், துரைசாமி அமர்வு 2021 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் 2024 அக்டோபரில் மாநிலங்களவை எம்பி புதுக்கோட்டை எம்.எம். அப்துல்லாவுக்கு இந்தியிலேயே ரயில்வே இணையமைச்சரிடமிருந்து கடிதம் வந்தது, ரயிலில் சாப்பாடு, சுத்தம் பற்றி அவர் கேட்டதற்கு. ஒரு வார்த்தையும் புரியவில்லை என்று அவர் தமிழில் திருப்பி எழுதினார். அடுத்த மாதம் கேரளத்தின் எம்பி ஜான் பிரிட்டாஸ் தனக்கு வந்த இந்திக் கடிதத்துக்கு மலையாளத்தில் பதில் எழுதினார்.

1976-ல் போட்ட ஆட்சிமொழி விதிகளின் முதல் விதியே அவை தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுவதற்கும் பொருந்தும் என்றுதான் சொல்கிறது. கீழே இதில் சண்டை போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கோபம் நியாயம்தான், எனக்கும் இருக்கிறது. ஆனால் தேர்வு மையம் வந்ததா, சாப்பாடு சரியானதா என்ற அடுத்த கேள்வியையும் சேர்த்தே கேளுங்கள். புரியாத பதிலும் வராத பதிலும் எம்பியை ஒரே இடத்தில்தான் நிறுத்துகின்றன.

மார்ச் 19

நம் சட்டமன்றம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கேயும் கேள்வி நேரம் உண்டு, கவன ஈர்ப்பு உண்டு, மானியக் கோரிக்கையின்போது வெட்டுத் தீர்மானம் உண்டு, உறுதிமொழிக் குழுவும் உண்டு, மாவட்டங்களுக்கு வந்து ஆய்வும் செய்கிறது. "ஆவன செய்யப்படும்", "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்", "இக்கேள்வி எழவில்லை" எல்லாம் நமக்குப் பாட்டி காலத்திலிருந்தே பழக்கம்.

எம்எல்ஏ கடிதம் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனால் ந.க. எண் (கோப்பு எண்) விழும், கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், விஏஓ என்று இறங்கும். விஏஓ கொடுக்கும் அறிக்கை மேலே ஏறும். நான் மேலே சொன்ன அதே படிக்கட்டுதான்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் 234 உறுப்பினர்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்ட காலமாகத் தீராத பத்துக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார். கட்சி பாராமல் எல்லாருக்கும் எழுதியது நல்ல காரியம். பத்து என்று வரம்பு வைத்ததும் நல்லது, எதை முதலில் வைப்பது என்று எம்எல்ஏ யோசித்தே ஆக வேண்டும். ஒவ்வொரு தொகுதியின் பத்தும், அதில் எது முடிந்தது, எது இயலாது, ஏன் இயலாது என்பதும் ஒரே பக்கத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். உங்கள் தொகுதியின் பத்து என்ன என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மார்ச் 22

கேள்வி கேட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று சலிப்போடு எழுதியிருக்கும் நண்பருக்கு ஒரு பழைய கதை.

1957. எல்ஐசி ஆரம்பித்துச் சிறிது காலம்தான் ஆகியிருந்தது. முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளை சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அவையில் இதைப் பற்றிக் கேள்வி வந்தது, வந்த பதில்கள் திருப்தி தரவில்லை. டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி எழுந்தார். ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். விவரத்தை அடுக்கி வைத்துப் பேசினார். நீதிபதி சாக்ளா ஆணையம் போட்டார்கள், விசாரணை மக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி, நம் சென்னைக்காரர், பதவி விலகினார். முதலில் கேட்ட கேள்விக்கே நேராகப் பதில் சொல்லியிருந்தால் விஷயம் வேறு மாதிரி போயிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

மறுபக்கமும் இருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாக 2005 டிசம்பரில் 11 எம்பிக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கேள்விக்கு மதிப்பு இருப்பதால்தான் விலையும் வந்தது.

மார்ச் 25

எங்கே பார்ப்பது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நாடாளுமன்றத்தின் சன்சத் இணையதளத்தில் கேள்விகள் பகுதிக்குப் போய் உங்கள் எம்பி பெயரைப் போடுங்கள். கேட்ட கேள்வி, வந்த பதில் இரண்டும் பிடிஎஃப்பாகக் கிடைக்கும். ஒன்றும் வராவிட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வரும்போது கேட்கலாம். அமைச்சராக இருப்பவர் கேள்வி கேட்க மாட்டார், அதை மட்டும் கவனத்தில் வையுங்கள்.

கடிதங்களுக்கு அப்படி ஒரு தளம் இல்லை. எம்பியோ துறையோ வெளியிட்டால்தான் உண்டு. அனுப்பிய கடிதத்தைப் படம் எடுத்துப் போடுகிற எம்பிக்கள், வந்த பதிலையும் போட வேண்டும். "பதில் வரவில்லை" என்பதையும் தேதியோடு போட வேண்டும். செலவில்லாத வேலை, அலுவலகத்தில் ஒரு பதிவேடும் அதைத் தினமும் திறந்து பார்க்க ஒருவரும் போதும்.

இன்னொன்று, இது அவசரம். தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவின் கீழே ஒரு வரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக் கூடாது. எம்பிக்குக் கிடைப்பது உனக்கும் கிடைக்கும் என்று சாதாரண ஆளுக்குச் சொன்ன வரி. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44-வது பிரிவு அந்த உட்பிரிவையே மாற்றி எழுதுகிறது, மாற்றி எழுதியதில் இந்த வரி இல்லை. இதை எழுதும்போது திருத்தம் அமலுக்கு வரவில்லை, பிறகு 2025 நவம்பரில் வந்துவிட்டது. இதைப் பற்றி உங்கள் எம்பியிடம் கேளுங்கள், கேள்வியாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மார்ச் 27

முதலில் கேட்ட வாசகர் தன் எம்பி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார். அமைச்சரின் இரண்டு வரி வந்திருக்கிறதாம், "ஆராயுமாறு பணித்திருக்கிறேன்". சந்தோஷம். அடுத்து இதைச் செய்யுங்கள்: அந்தக் கடிதத்தின் எண்ணும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள், யாருக்கு அனுப்பப்பட்டது என்று கீழே நகல் வரி இருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் போட்டு, ஆய்வின் முடிவு என்ன, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது என்று தகவல் உரிமையில் நீங்களே கேளுங்கள். எம்பி அலுவலகத்தில் உள்ளவரிடம், அடுத்த கூட்டத்தொடருக்கு இதைக் கேள்வியாகத் தயார் செய்யச் சொல்லி, உட்பிரிவுகளை நீங்களே எழுதிக் கொடுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். எழுதியதை அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.